ஏணிச் சட்டம் இல்லாத வண்டிக்கு வலு சேர்ப்பது எப்படி?

கேள்வி: தனிச் சேசிஸ் இல்லாத, நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய எஸ்.யூ.வி. ஒன்று பாலமலைப் பக்கத்துக் கரட்டுப் பாதைகளிலும், நீர் வற்றிய காலத்தில் மேட்டூர் நீர்த்தேக்கப் படுகையிலும் ஓட்டப்படுகிறது. பின்சக்கரத்துக்கு அருகே தரைத்தகட்டின் அடியில் மயிரிழை போன்ற விரிசல் தெரிகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பின்கதவு இறுகிக்கொள்கிறது. லாரிச் சேசிஸுக்குச் செய்வது போல அடியில் முழு நீளத்துக்கு சி-சேனல் வைத்துப் பற்றவைத்தால் போதும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அது சரியா? (வாசகர், மேச்சேரி)

பதில்: நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்களில் லாரித் தொழிலும் பாடி கட்டும் தொழிலும் வேரூன்றியிருப்பதால், வண்டியின் வலு என்றாலே சேசிஸின் வலு என்று இப்பகுதிப் பட்டறைகள் கருதுவது இயல்பே. லாரியைப் பொறுத்தவரை அக்கருத்து சரியானதும்கூட. சி வடிவ வெட்டுமுகம் கொண்ட இரண்டு நீண்ட சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து ஏணி போல அமைய, பாடி அதன்மேல் யூ-போல்ட்டுகளால் தனியே பிணைக்கப்படுகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஏணி ஓரளவு முறுகிக் கொடுப்பது அதன் குறையன்று, அது அப்படி முறுகும்படியே வடிவமைக்கப்படுகிறது. பாரம் முழுவதும் அந்த இரண்டு சட்டங்களின் வழியே செல்வதால், அவற்றோடு இன்னொரு பட்டையைச் சேர்ப்பது பாரம் செல்லும் வழியிலேயே வலுச் சேர்ப்பதாகிறது.

மோனோகாக் அல்லது யூனிபாடி எனப்படும் ஒற்றைக் கூட்டு உடல் இதற்கு நேர்மாறானது. தரை, கதவுக்குக் கீழே ஓடும் படிப்பெட்டி, தூண்கள், கூரை, சக்கர வளைவு ஆகிய அனைத்தும் மெல்லிய தகடுகளாக அச்சில் அழுத்தப்பட்டு, ஆயிரக்கணக்கான புள்ளிப் பற்றவைப்புகளால், அதாவது இரு தகடுகளைச் செம்பு முனைகளுக்கிடையே நெருக்கி மின்சாரம் பாய்ச்சி உருக்கி ஒட்டும் ஸ்பாட் வெல்டிங்கால், ஒரே கூடாக இணைக்கப்படுகின்றன. 1922-இல் வெளிவந்த லான்சியா லாம்ப்டாவும் 1934-இல் வெளிவந்த சிட்ரோயன் டிராக்சன் அவாந்தும் இம்முறையின் முன்னோடிகள். 1977-இல் சோவியத் நாட்டின் லாடா நீவாவும், 1984-இல் அமெரிக்காவின் ஜீப் செரோக்கியும் இதே முறையைக் கரட்டுப் பாதைக்குக் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில், ஒரகடத்தில் தயாராகி 2012-இல் விற்பனைக்கு வந்த ரெனோ டஸ்டரும், 2014-இல் வெளிவந்த அதன் நான்கு சக்கர இழுவை வகையும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. மாருதி ஜிப்சி, மஹிந்திரா தார், ஜிம்னி ஆகியவை ஏணிச் சட்டத்தைக் கைவிடாதவை. ஆகவே ஜிப்சிக்குப் பொருந்திய வைத்தியம் டஸ்டருக்கும் பொருந்தும் என்று கொள்ள இடமில்லை.

சி-சேனல் ஏன் பயன் தராது என்பதை அறிய, வலிமையும் விறைப்பும் வெவ்வேறு என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஒரு பொருள் நிரந்தரமாக வளையாமலும் முறியாமலும் எவ்வளவு விசையைத் தாங்குகிறது என்பது வலிமை. அந்த விசையின்கீழ் எவ்வளவு குறைவாக நெகிழ்கிறது என்பது விறைப்பு. கதவு இறுகுவது விறைப்பு போதாமையின் அடையாளம். சாதாரண எஃகாயினும் விலையுயர்ந்த உயர்வலிமை எஃகாயினும் நெகிழ்ச்சிக் குணகம் 200 முதல் 210 கிகாபாஸ்கல் என்ற ஒரே அளவில்தான் இருப்பதால், எஃகின் தரத்தை உயர்த்தி விறைப்பைக் கூட்ட முடியாது. வடிவத்தையும் தடிமனையும் மாற்றியே கூட்ட முடியும். வடிவத்தின் பங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கணக்கே போதும். 80 மில்லிமீட்டர் பக்கமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட சதுரக் குழாயை நீளவாக்கில் ஒரு கோடாக அறுத்துப் பிளந்துவிட்டால், எடை ஏறக்குறைய அதேதான், ஆனால் முறுக்கத்தை எதிர்க்கும் திறன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. சி-சேனல் என்பது பிறவியிலேயே அப்படிப் பிளந்த குழாய்தான். அது நேரே வளைவதை நன்றாகத் தடுக்கும், முறுக்கத்தை மிகக் குறைவாகவே தடுக்கும். கரட்டுப் பாதையிலோ வண்டியின் உடலை வருத்துவது பெரும்பாலும் முறுக்கமே.

சேனலின் திறந்த வாயைத் தரைத்தகட்டோடு சேர்த்து மூடினால் அது பெட்டியாகிவிடுமே என்று அனுபவமுள்ள பற்றவைப்பாளர் கேட்கக்கூடும், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் தரைத்தகடு ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் தடிமனே உடையது. அதன்மேல் 5 மில்லிமீட்டர் சேனலைப் பற்றவைக்கும்போது தகடு உருகி ஓட்டை விழாமல் வேலை முடிப்பதே கடினம். அதைவிடப் பெரிய சிக்கல் சேனல் முடியும் இடத்தில் காத்திருக்கிறது. மிக விறைப்பான உறுப்பு ஒன்று மிக நெகிழ்வான தகட்டின் நடுவே சட்டென்று நின்றுவிடும்போது, அதுவரை பரவலாக இருந்த நெகிழ்வு முழுவதும் அந்த ஒரு கோட்டில் வந்து குவிகிறது; பொறியாளர்கள் இதைத் தகைவுக் குவிப்பு என்பர். அவ்விடத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருமுறை தகடு மடங்கி நிமிர, ஒரே தடவையில் முறிக்கப் போதாத விசையே பல்லாயிரம் தடவை திரும்பத் திரும்ப வந்து விரிசலைத் தொடங்கிவைக்கிறது. களைப்பு முறிவு எனப்படுவது இதுவே. சேனல் அடித்த சில மாதங்களில் பழைய விரிசல் மூடியிருக்க, ஒரு முழம் தள்ளிப் புதிய விரிசல் தோன்றுவதன் காரணமும் இதுதான்.

எனவே வேலையை வலுச் சேர்ப்பதிலிருந்து அல்லாமல் நோயறிவதிலிருந்து தொடங்க வேண்டும். சஸ்பென்ஷன் கைகளைத் தாங்கும் சப்ஃபிரேமின் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலோ, ரப்பர் புஷ்கள் தேய்ந்து இரும்போடு இரும்பு மோதினாலோ, அந்த அடி நேரே தகட்டில் இறங்கும். அவற்றைச் சீர்செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவது உண்டு. அடுத்து, விரிசலைச் சுற்றியுள்ள மண்ணெதிர்ப்புப் பூச்சைச் சுரண்டி, துரு உண்டா, ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் விட்டுப்போயுள்ளனவா என்று பார்க்க வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை இட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்திய பின்பே அதை அடைக்க வேண்டும். இவ்வேலையின்போது வண்டி சக்கரங்களைத் தாங்கும் இடங்களிலேயே மட்டமாக நிற்பதும், எல்லாக் கதவுகளும் இறுகாமல் சாத்துவதும் அவசியம். நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கிய நிலையில் பற்றவைத்தால், அந்தக் கோணல் உடலில் நிலையாகப் பதிந்துவிடும்.

வலுச் சேர்க்கும் வேலையில் முதன்மையானது, முன்பக்கத்து நீளப் பெட்டிகள் (வண்டியின் நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவ உறுப்புகள்) தரைக்கடியில் முடியும் இடத்தையும், பின்பக்கத்து நீளப் பெட்டிகள் தொடங்கும் இடத்தையும் இணைப்பதாகும். பல மோனோகாக் வண்டிகளில் இவ்விரண்டுக்கும் இடையே தரைத்தகடும் படிப்பெட்டியுமே பாலமாக உள்ளன. அந்த இடைவெளியை 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள மூடிய செவ்வகக் குழாயால் நிரப்பி, அதைப் பக்கவாட்டில் படிப்பெட்டியோடும் பிணைத்தால், விசை ஒரே புள்ளியில் இறங்காமல் பரந்து செல்லும். ஏற்கெனவே உள்ள பெட்டிகளின்மேல் போர்த்தும் தகடு அப்பெட்டியின் தடிமனைவிட மிகவும் கூடுதலாக இருக்கலாகாது. அதன் முனைகளை நேராக வெட்டாமல் வால் போலக் கூராக்கி முடிக்க வேண்டும். பெட்டிக்குக் குறுக்கே செல்லும் பற்றவைப்புக் கோட்டைத் தவிர்த்து நீளவாக்கில் விட்டுவிட்டுப் பற்றவைப்பதோடு, தகட்டின் நடுவில் 8 மில்லிமீட்டர் துளைகள் இட்டு அவற்றை நிரப்பியும் பிடிப்புத் தர வேண்டும். ஜீப் செரோக்கி உரிமையாளர்கள் ஸ்டீயரிங் கியர்பெட்டி அமரும் இடத்தின் விரிசலுக்கும், நீளப் பெட்டிகளின் தளர்ச்சிக்கும் கண்ட தீர்வு, பெட்டியின் வடிவத்துக்கு ஏற்ப மடித்த இத்தகைய தகடுகளே.

பற்றவைப்புக்கு லாரிப் பட்டறையின் ராடு வெல்டிங் உகந்ததன்று. 0.8 மில்லிமீட்டர் கம்பியும், ஆர்கானோடு கரியமில வாயு கலந்த காப்பு வாயுவும் கொண்ட மிக் வெல்டிங்கே மெல்லிய தகட்டுக்கு ஏற்றது. தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், எரிபொருள் தொட்டியையும் குழாய்களையும் அகற்றுவதும், துத்தநாகப் பூச்சை அரைத்து நீக்குவதும் தவிர்க்கக் கூடாதவை. முடிந்த பின் துத்தநாகம் மிகுந்த பிரைமரைப் பூசி, பெட்டிகளின் உட்புறத்தில் மெழுகைப் பீய்ச்ச வேண்டும். சில மாத ஓட்டத்துக்குப் பின், விரிசலுக்குள் ஊடுருவி நிறம் காட்டும் டை-பெனிட்ரன்ட் திரவத்தைத் தகடுகளின் முனைகளில் தெளித்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவப்புக் கோடாக வெளிப்படும்.

கேள்வி: சேலம் பழைய இரும்புக் கடைகளில் துருப்பிடிக்காத எஃகுத் துண்டுகள் கிடைக்கின்றன. துருவே ஏறாத அவற்றைப் பயன்படுத்தினால் நல்லதுதானே?

பதில்: நல்லதன்று. பரவலாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் எஃகு வகைகள் சாதாரண எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வெப்பத்தால் விரிவதால், பற்றவைக்கும்போது மெல்லிய தகட்டை நெளித்துவிடுகின்றன. அதோடு, ஈரம் படும் இடத்தில் இரண்டும் சேர்ந்திருந்தால் துருவும் பங்கைச் சாதாரண எஃகே முழுமையாக ஏற்கிறது. மேச்சேரியை அடுத்த பொட்டனேரி ஆலையின் எஃகு கேட்டால் கிடைக்குமே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: அது கம்பியும் உருளையுமாக உருவாகும் எஃகு, உடல் தகடன்று. போர்வைத் தகட்டுக்கு எளிதில் மடியும், எளிதில் பற்றும் குளிருருட்டு மென்னெஃகே போதும். வண்டியின் தூண்கள் போன்ற சில உறுப்புகளில் ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அச்சுக்குள்ளேயே திடீரெனக் குளிர்வித்த, 1500 மெகாபாஸ்கல் அளவு இழுவலிமையுள்ள போரான் எஃகு இருக்கக்கூடும். அதில் வெப்பம் பட்ட இடம் அந்த வலிமையை இழந்து மென்மையாகிவிடும் என்பதால், உற்பத்தியாளரின் உடல் பழுதுநூலைப் பார்க்காமல் அங்கே பற்றவைக்கலாகாது.

கேள்வி: முன்பக்கத்தையும் இதே முறையில் பலப்படுத்தி, கனமான இரும்புக் காப்பும் பொருத்தலாமா?

பதில்: முன்பக்கத்து நீளப் பெட்டிகளின் முதல் பகுதி மோதலின்போது மடிப்பு மடிப்பாக நொறுங்கி விசையை உறிஞ்சவே வடிவமைக்கப்பட்டது. இந்தியாவில் புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலிருந்து கட்டாயமான ஏ.ஐ.எஸ். 098 சோதனை, வண்டியின் முகத்தில் 40 விழுக்காட்டுப் பகுதியை மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டு, உள்ளிருப்போருக்கு நேரும் காயத்தின் அளவைக் கணிக்கிறது. நீளப் பெட்டிகளின் அந்த முதல் பகுதியில் தகடு போர்த்தினால் நொறுங்க வேண்டியது நொறுங்காமல், அந்த விசை உள்ளே அமர்ந்திருப்பவரின் மார்புக்கு வந்து சேர்கிறது. காற்றுப்பை விரியும் கணமும் பிசகலாம்.

சட்டமும் இதற்கு இடமளிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு உற்பத்தியாளரின் வரையறையிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முன்காப்புக் கம்பிகளை அகற்றும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. விரிசலைச் சீராக்கி வண்டியைப் பழைய நிலைக்கு மீட்பது பழுதுபார்ப்பு. அதற்கு மேல் சேர்ப்பவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டறிந்த பின்பே செய்வது தகும். கரட்டுப் பாதையில் செல்பவருக்கு முன்பக்கத்தில் உண்மையில் தேவைப்படுவது, சப்ஃபிரேமில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட்டால் பொருத்தும் அடித்தகடும், உற்பத்தியாளர் தந்த திருகுத் துளையில் முழுதாக முறுக்கிய இழுவைக் கொக்கியுமே.