தேங்காயெண்ணெயின் கலப்பை இரசாயன முறையால் அறிதல்

நெல் வயலோடு வளவில் தென்னையும், சிறுபோகத்தில் மேட்டுக் காணியில் எள்ளும் உடைய சம்மாந்துறைக் கமக்காரர், தம் கொப்பரையை ஆலையில் ஆட்டி விற்கும்போது, மலிவான எண்ணெயைக் கலந்து விற்பவரோடு போட்டியிட நேரிடுகின்றது. கலந்த எண்ணெயும் தெளிவாகவே இருக்கும்; மணமும் ஓரளவு ஒத்திருக்கும். கண்ணும் மூக்கும் தீர்க்க முடியாத இவ்வழக்கை இரசாயனப் பகுப்பாய்வு எவ்வாறு தீர்க்கின்றது என்பதை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

எண்ணெய் யாவும் கொழுப்பமிலங்களால் ஆனவை. எவ்வமிலம் எவ்வளவு என்பது வித்துக்கு வித்து வேறுபடும். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். பாம் எண்ணெயிலோ அது நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேற்படாது. இவ்வேறுபாட்டை அளக்கும் பழைய முறை அயடீன் எண் ஆகும். நூறு கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயடீனை ஏற்கின்றது என்பதே அவ்வெண். தேங்காயெண்ணெய்க்கு அது 6.3 முதல் 10.6 வரை, பாம் எண்ணெய்க்கு 50 முதல் 55 வரை. அயடீன் எண் 8.5 உள்ள தேங்காயெண்ணெய் ஒன்பது பங்கில் பாம் எண்ணெய் ஒரு பங்கு சேர்த்தால், எண் ஏறத்தாழ 13 ஆக உயர்ந்து கலப்பைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆயின் கலப்பவரும் கணக்கறிந்தவரே. பாம் மரத்தின் பழச்சதையிலிருந்து எடுப்பது பாம் எண்ணெய். அதன் கொட்டைப் பருப்பிலிருந்து எடுப்பது வேறோர் எண்ணெய். இப்பருப்பெண்ணெயிலும் லோரிக் அமிலம் ஏறத்தாழப் பாதியே. அதன் அயடீன் எண் 14 முதல் 21 வரை. ஐந்தில் ஒரு பங்கு கலந்தாலும் எண் 10 அளவில் நின்று, தூய எண்ணெயின் எல்லைக்குள் மறைந்துகொள்ளும். இங்கேதான் வாயு குரோமற்றோகிராபி என்னும் கருவி வேண்டப்படுகின்றது. அது அமிலங்களைத் தனித்தனியே பிரித்து அளவிடும். தேங்காயெண்ணெயில் ஒலேயிக் அமிலம் நூற்றுக்கு 5 முதல் 10 வரை. பருப்பெண்ணெயில் 12 முதல் 19 வரை. சிறு கலப்பு இங்கும் ஒளிந்துகொள்ளக் கூடுமாதலின், பகுப்பாய்வாளர் ஓர் அமிலத்தை மட்டும் பாராது, பலவற்றின் விகிதத்தையும் தூய மாதிரியோடு ஒப்பிட்டே முடிவு கூறுவார்.

எள்ளெண்ணெய்க்கு ஒரு தனிச் சோதனை உண்டு. செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தையும் சிறிது சீனியையும் சேர்த்துக் குலுக்கினால் செந்நிறம் தோன்றும். பிற சமையல் எண்ணெய்களில் அந்நிறம் தோன்றாது. நெய்யில் வனஸ்பதி கலப்பதைப் பிடிப்பதற்காகவே, இந்தியாவில் வனஸ்பதியில் எள்ளெண்ணெய் சேர்க்க வேண்டுமெனச் சட்டம் விதித்தனர். இச்சோதனை மிக நுட்பமானது. எள் ஆட்டிய செக்கைக் கழுவாமல் கொப்பரை ஆட்டினால், வஞ்சனை செய்யாதவரும் பழிக்கு உள்ளாகலாம். அவ்வமிலம் தோலைச் சுடும். இதனை வீட்டில் செய்து பார்த்தல் கூடாது.

வீட்டில் செய்யத்தக்கது குளிரூட்டல் ஒன்றே. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையும். குளிர்ப்பெட்டியில் வைத்த பின்னும் ஒரு பகுதி நீராக மிதந்தால் சோயா முதலியன சேர்ந்திருக்கக் கூடும். பருப்பெண்ணெயும் உறைவதால், முற்றாக உறைந்ததைத் தூய்மைக்குச் சான்றாகக் கொள்ளற்க.

சைத்தூன் எண்ணெய் எனப்படும் ஒலிவ எண்ணெயில் இவ்வாராய்ச்சி இன்னும் விரிந்துள்ளது. அங்கே, எம்மரம் என்பதோடு, எவ்வினம், எந்நாட்டில் விளைந்தது என்றும் கேட்கின்றனர். மழைநீரின் இயல்பு இடத்துக்கு இடம் மாறுவதால், எண்ணெயிலுள்ள ஐதரசன், ஒட்சிசன் அணுக்களின் வகைகளை அளந்து விளைநிலத்தை உய்த்துணர்வர். வீண் ஆராய்ச்சி என எண்ண வேண்டாம். 1981 இல் ஸ்பெயின் தேசத்தில், தொழிற்சாலைப் பாவனைக்கென அனிலீன் சேர்க்கப்பட்ட கடுகின எண்ணெயை ஒலிவ எண்ணெயென விற்றனர். ஏறத்தாழ 20,000 பேர் நோயுற்றனர். முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கலப்பற்றது என்பதும் தீங்கற்றது என்பதும் ஒன்றல்ல. 2021 மார்ச்சில் இலங்கைக்கு இறக்குமதியான சுத்திகரிக்கப்படாத தேங்காயெண்ணெயில் அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சு காணப்பட்டது. ஈரக் கொப்பரையிற் படரும் ஒருவகைப் பூஞ்சணமே அதனை உண்டாக்குவது. அயடீன் எண் அதைக் காட்டாது. வேறு சோதனை வேண்டும். கொப்பரையின் ஈரம் நூற்றுக்கு 6 அளவுக்குக் குறையும்வரை உலர்த்துக. உடைத்த தேங்காயை அன்றே வெயிலிலோ சூளையிலோ இடுக. மழையில் நனைய விடற்க. பூஞ்சணம் பிடித்த துண்டைச் சுரண்டி ஆலைக்கு அனுப்புதல் கூடாது, முழுவதையும் விலக்குக.

கடையில் வாங்கிய எண்ணெயில் ஐயம் எழுந்தால் மீதத்தைக் கொட்டிவிடாதீர்கள். உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் நிறைய ஊற்றி மூடி, வாங்கிய தேதியையும் இடத்தையும் ஒட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுக. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் வழக்குக்குரிய மாதிரியை அதிகாரம் பெற்ற உத்தியோகத்தரே விற்பனை இடத்தில் முறைப்படி எடுத்தல் வேண்டும். ஆதலின் அந்த எண்ணெய் விற்றுத் தீருமுன் முறையிடுதல் அவசியம்.