ஹெல்த் காட் கையில், வைத்தியர் எங்கே? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

2025 ஜனவரியில், ஒன்ராறியோவின் வோக்கர்ட்டன் என்ற சிற்றூரில் ஒரு குடும்ப வைத்தியர் 500 பேரைப் புதிதாகச் சேர்க்கப்போகிறார் என்று செய்தி பரவியது. பனியில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அந்த நிலை. மாகாணத்தில் 25 இலட்சம் பேருக்குக் குடும்ப வைத்தியர் இல்லை என்று குடும்ப வைத்தியர்களின் அமைப்பு 2024இல் கணக்குச் சொன்னது.

ஆகவே நமக்கு முன்னால் இருப்பது இரண்டு வேலைகள்: காட் எடுப்பது, வைத்தியரைப் பிடிப்பது. முதல் வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். அதிலிருந்தே தொடங்குவோம்.

ஓஹிப் என்றால் என்ன?

ஹெல்த் காட் எந்தக் காப்புறுதிக்கோ அதுதான் ஓஹிப்: மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதி. வைத்தியரைப் பார்க்கவும், ஆஸ்பத்திரியில் தங்கவும், சத்திர சிகிச்சைக்கும் நாம் காசு கட்டத் தேவையில்லை. நிரந்தர வதிவிடம் பெற்றவர்களும், அகதியாக ஏற்கப்பட்டவர்களும் விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதியில் வந்தவர் என்றால், ஆறு மாதமாவது முழுநேர வேலை இருக்கவேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு இது கிடையாது. அவர்களுக்குக் கல்வி நிலையத்தின் காப்புறுதிதான்.

வந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்த விதி 2020இலேயே போய்விட்டது.

எப்படி எடுப்பது?

சர்வீஸ் ஒன்ராறியோ அலுவலகத்துக்கு மூன்று பத்திரங்களோடு போவோம்: குடிவரவு நிலையைக் காட்டுவது, ஒன்ராறியோ விலாசத்தைக் காட்டுவது, ஆளை அடையாளம் காட்டுவது. மூன்றும் மூலப் பத்திரங்களாக இருக்கவேண்டும். போட்டோக் கொப்பி செல்லாது.

பலர் தடக்குப்படுவது விலாசத்தில்தான். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்போம். வீட்டுக்காரர் எழுத்தில் எதுவும் தரமாட்டார். அதனால் வந்த முதல் வாரத்திலேயே வங்கிக் கணக்கைத் திறந்து, மாதாந்தக் கூற்றைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பெயரும் விலாசமும் உள்ள அந்தக் கூற்று போதும்.

காட்டை வைத்திருக்க, பன்னிரண்டு மாதத்தில் 153 நாளாவது ஒன்ராறியோவில் இருக்கவேண்டும். ஊருக்கு நீண்ட பயணம் போடுகிறவர்கள் எண்ணிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

காட் இலவசம். வரிக் கணக்கில் ‘சுகாதாரக் கட்டணம்’ என்று ஒன்று வரும்: வரிக்குரிய வருமானம் 20,000 டொலருக்குள் என்றால் இல்லை, மிக உயர்ந்த வருமானத்துக்கும் ஆண்டுக்கு 900 டொலர்தான்.

ஓஹிப் கொடுக்காதவை பல்லு, கண்ணாடி, வெளியே வாங்கும் மருந்து. வேலையிடத்துக் காப்புறுதி இருந்தால் இங்கேதான் கைகொடுக்கும். 25 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனியார் காப்புறுதி இல்லையென்றால், பட்டியலில் உள்ள மருந்துகளை மாகாணம் தருகிறது. வருமானத்தோடு பார்க்கையில் மருந்துச் செலவு கூடினால் ட்ரில்லியம் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

வைத்தியரை எப்படிப் பிடிப்பது?

காட் வந்த அன்றே மாகாணத்தின் சுகாதார உதவி எண்ணான 811க்கு அழைத்து, வைத்தியர் இல்லாதவர்களுக்கான ‘ஹெல்த் கெயர் கனெக்ட்’ பட்டியலில் பெயரைப் பதிவோம். பிறகு அதை மறந்துவிட்டு நாமே தேடுவோம். வைத்தியர்களைப் பதிவுசெய்யும் மாகாணக் கல்லூரியின் இணையத்தளத்தில் தமிழ் பேசும் வைத்தியர்களைத் தேடலாம்.

நான் ஒரு பழைய கொப்பியில் ஸ்காபரோ கிளினிக்குகளின் நம்பர்களை எழுதிவைத்து, வேலை இடைவேளையில் ஒவ்வொன்றாக அழைத்தேன். பத்து இடத்தில் “எடுக்கிறதில்லை.” பதினோராவது இடத்தில் கேள்வியை மாற்றினேன்: “உங்களிடம் புது வைத்தியர் யாரும் சேரப்போகிறாரா?” வரவேற்பில் இருந்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, “செப்டெம்பரில்” என்றார். பயிற்சி வைத்தியர்களின் ஆண்டு ஜூனோடு முடிகிறது; பயிற்சி முடித்தவர்கள் அதன் பிறகுதான் கிளினிக்குகளில் சேர்வார்கள். அதனால் கோடை நடுவிலிருந்து அழைப்பது நல்லது.

நர்ஸ் பிரக்டிஷனர் நடத்தும் கிளினிக் என்றால் தயங்கவேண்டாம். மருந்து எழுதவும் பரிசோதனைக்கு அனுப்பவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

கிடைக்கும்வரை?

கண் சிவப்பு, சிறுநீர்த் தொற்று போன்ற சில சிறு வருத்தங்களுக்கு மருந்தாளரே மருந்து எழுதித் தருவார். 811இல் இரவு பகலாக நர்ஸ் இருப்பார். முன்பதிவில்லாமல் பார்க்கும் வோக்-இன் கிளினிக்குக்குப் போவதானால் எப்போதும் ஒரே இடத்துக்குப் போங்கள். கோப்பு ஓரிடத்தில் சேரும். நெஞ்சு நோவென்றால் 911. அம்புலன்ஸுக்கு ஓஹிப் உள்ளவர் கட்டுவது 45 டொலர்தான்.

கவனம்!

ஓஹிப் கொடுக்கும் சேவைக்குக் கிளினிக் காசு கேட்பது சட்டவிரோதம். லீவுக் கடிதம் போன்றவற்றுக்குக் கேட்கலாம். அவற்றைச் சேர்த்து ஆண்டுக் கட்டணம் ஒன்று கேட்டால், அதைக் கட்டுவதும் விடுவதும் நம் விருப்பம்.

அம்மா, அப்பாவை சுப்பர் விசாவில் கூப்பிடுகிறவர்களுக்கு: அவர்களுக்கு ஓஹிப் கிடையாது. ஓராண்டுக்கு, குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்குத் தனியார் காப்புறுதி எடுக்கவேண்டும். அதில் ‘முன்பே இருந்த நோய்’ என்ற பகுதியை இரண்டுதரம் வாசியுங்கள். பயணத்துக்கு முந்திய சில மாதங்களில் குளிசையின் அளவு மாறியிருந்தால், அந்த நோய்க்குக் காசு தரமாட்டோம் என்று பல பொலிசிகள் சொல்லும். அம்மாவின் பிரஷர் குளிசை எந்தத் தேதியில் மாறியது என்று பழைய மருந்துத் துண்டுகளைப் பார்த்து எழுதிக்கொண்டுதான் நாங்கள் காப்புறுதி முகவரிடம் போனோம். முகவர் அதைக் கேட்கவேயில்லை. நாங்களே சொல்லி, விண்ணப்பத்தில் எழுதவைத்தோம்.