உழவர் உதவித் தொகை: பெறுவோர் யார்?

விவசாயியின் வங்கிக் கணக்கில் நேராகப் பணம் செலுத்தும் பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதித் திட்டம் 2019 பிப்ரவரி 24-ஆம் தேதி தொடங்கப்பெற்றது. தவணைக்கு 2,000 ரூபாய் வீதம், மூன்று தவணைகளில் ஆண்டுக்கு 6,000 ரூபாய். முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ளோர்க்கு மட்டும் என்றிருந்த வரம்பு அவ்வாண்டு ஜூன் மாதம் முதல் நீக்கப்பட்டது. இவை வாசகர்கள் அறிந்தவையே. எனினும் கிராமக் கூட்டங்களில் நம்மிடம் ஓயாமல் எழுப்பப்படும் வினா ஒன்றுண்டு: "ஏர் ஓட்டுபவன் நானாக இருக்க, பணம் ஏன் எனக்கு வரவில்லை?"

விடை, 'விவசாயி' என்னும் சொல்லுக்குத் திட்டம் கொண்ட பொருளில் இருக்கிறது. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதியன்று எவர் பெயரில் நிலம் பதிவாகியிருந்ததோ அவரே இதில் விவசாயி. குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோர்க்கு இடமில்லை.

செங்கற்பட்டுச் சீமையில் இவ்வேறுபாடு பழமையானது. நிலவுரிமை மிராசுதாரரிடமும் பயிர்த்தொழில் பாயக்காரிகளிடமும் அடிமைப்பட்ட உழைப்பாளரிடமும் இருந்த ஊர்கள் இவை. மிராசு முறை ஒடுக்கப்பட்ட மக்களை நிலம் பெறவொட்டாமல் தடுப்பதை அன்றைய கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-இல் விரிவாக எழுதினார். அதன் பயனாக 1892-இல் பிறந்ததே பஞ்சமி நில ஒதுக்கீடு. பட்டாவில் பெயர் ஏறுவது எத்துணைப் பெரிய காரியம் என்பதை நம் மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

திருப்போரூர், மாமல்லபுரம் கடற்கரைப் பக்கத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிய நிலங்கள் பல வெளியூரார் கைக்கு மாறிவிட்டன. மனை போடப்படாத நிலத்தில் உள்ளூரார் வாய்மொழிக் குத்தகையில் சவுக்கோ நெல்லோ வேர்க்கடலையோ வைக்கின்றனர். உரிமையாளர் வருமான வரி செலுத்துபவராயின் திட்ட விதிப்படி அவருக்குத் தொகை இல்லை, பயிரிடுபவருக்கும் இல்லை. சொர்ணவாரி அறுவடையாகிறது, உதவியோ எவருக்கும் போய்ச் சேர்வதில்லை!

மறுபுறம் 2020-இல் நடந்ததை நினைவுகூர்தல் வேண்டும். செங்கற்பட்டு உட்படப் பல மாவட்டங்களில், தகுதியற்றோர் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் அவர்கள் கணக்குகளுக்குச் சென்றதாக மாநில அரசு அறிவித்தது. தாமே பதிவு செய்துகொள்ளும் வசதியையும் அலுவலர்களின் கடவுச் சொற்களையும் இடைத்தரகர்கள் தவறாகப் பயன்படுத்தினர். நிலமே இல்லாதவர் பெயரில் பணம் வந்தது. பின்னர் அது திரும்ப வசூலிக்கப்பட்டது. பெயரை மட்டும் நம்பி வயலைப் பாராத பட்டியல் இரு வகையிலும் பிழைபடும் என்பதே நமது கருத்து. அண்டை மாநிலமான ஆந்திரத்தில் 2019-இல் தொடங்கிய ரைத்து பரோசா திட்டம், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மை வகுப்புகளைச் சேர்ந்த குத்தகைதாரரையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே அது முடியாத காரியமன்று.

விதி மாறும் வரையில் செய்யக்கூடியவை சில உள. 2019-க்குப் பின் நிலம் வாங்கியோர்க்குத் தடை விதித்த திட்டம், உரிமையாளர் இறந்து வாரிசு முறையில் வந்த நிலத்துக்கு விலக்கு அளித்துள்ளது. மாமனார் பெயரிலும் கணவர் பெயரிலும் பட்டா கிடக்கத் தாமே பயிர் பார்க்கும் விதவைப் பெண்கள் நம் வட்டாரத்தில் பலர். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைத்துப் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பித்து, அதன்பின் இத்திட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஊர்ப்பணியாளர்கள் முதலில் இவர்கள் வீட்டுக்குச் செல்லவேண்டும்.

குத்தகைதாரர் கவனிக்க வேண்டியது அடங்கல். பட்டாவும் சிட்டாவும் உரிமையாளரைக் காட்டும். வயலில் நிற்கும் பயிரைக் காட்டுவது அடங்கலே. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரருக்கும் இடமுண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குத்தகை உரிமையைத் தாலுகாவில் பதிவு செய்துகொள்ளவும் வழியுண்டு. நில உரிமையாளர் மனம் கோணுவாரே என்று பலர் தயங்குகின்றனர். அத்தயக்கம் காரணமற்றதென்று நாம் கூறமாட்டோம். ஆயினும் கிராம நிருவாக அலுவலர் பயிராய்வுக்கு வரும் நாளில் வயலில் நின்று, பயிர் அடங்கலில் சரியாக ஏறுகிறதா என்று கேட்டுப் பார்த்துக்கொள்வதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை.