மாலை போட்டதும் கை நடுங்கினால்

கார்த்திகை பிறந்துவிட்டால் பூதலப்பட்டு, சித்தூர் பக்கம் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் பலர். “சாமி மாலை விழுந்துடுச்சு, இனி ஒரு மண்டலம் குடி கிடையாது” என்று வீட்டுப் பெண்கள் நிம்மதியடைவார்கள். எப்போதாவது குடிப்பவருக்கு இது நல்ல தொடக்கமே. காலையில் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டவருக்கு, மருத்துவ உதவியில்லாமல் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

மது, மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகிறது. தூண்டிவிடும் குளூட்டமேட்டை மட்டுப்படுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தால், அதை ஈடுகட்ட மூளை தன் தூண்டுதலை ஏற்றிக்கொள்கிறது. மது சட்டென்று நின்றதும் அந்தத் தூண்டுதல் மட்டும் மிஞ்சுகிறது. சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாத ஆளோடு பேசுவார்.

இதைத்தான் பேய் பிடித்ததாக எண்ணி மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். அந்த நேரத்தில் அவர் இருக்கவேண்டிய இடம் மருத்துவமனை. 2020 மார்ச் ஊரடங்கில் மதுக்கடைகள் மூடிய சில நாட்களிலேயே ஹைதராபாத் எர்ரகட்டா மனநல மருத்துவமனையில் இப்படிப்பட்டவர்கள் குவிந்தார்கள். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று சொல்வது அநியாயம்.

“அவருக்குத் தெரியாம சாம்பார்ல மருந்தைக் கலந்து கொடுத்தா நிறுத்திடுவார்” என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் கவலை தருகிறது. இப்படிக் கலக்கப்படும் மருந்துகளில் ஒன்று டைசல்ஃபிராம். மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடை அது உடம்பில் தேங்கவைக்கும். விவரம் தெரியாமல் குடித்தவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் விழும். இதய நோயாளி என்றால் உயிரே போகலாம். மருந்தை நிறுத்தி 2 வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்கவேண்டிய மாத்திரை அது.

சிகிச்சை மாத்திரைக்கே அடிமையாகிவிடுவாரோ என்ற பயத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதனால்தான் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கத் தரும் குளோர்டயசெபாக்சைடு போன்றவற்றை மருத்துவர்கள் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். அது குறைந்தால் மூளை பாதிக்கப்படும். மருந்துச் சீட்டைக் காட்டிக் கடையில் நாமே திரும்பத் திரும்ப வாங்கக்கூடாது.

இந்தச் சிகிச்சைக்குத் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனைக்குப் போகலாம். 14446 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்தும் வழி கேட்கலாம். கடைசியாகக் குடித்தது எப்போது, தினமும் எவ்வளவு, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை அவர் அதை வைத்துத்தான் முடிவுசெய்வார்.