விற்ற பிறகு காப்புரிமை கேட்கலாமா?

கேள்வி: ஐயா, கோயம்புத்தூரில் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை நடத்துகிறேன். கால்ஃப் பையின் விளிம்பில் கிளிப் போலக் கவ்விக்கொண்டு, குடையை நிமிர்த்திப் பிடிக்கும் தாங்கி ஒன்றைச் செய்தேன். ஊட்டியிலும் கோவையிலும் கால்ஃப் ஆடுகிறவர்களுக்கு எட்டு மாதங்களில் சுமார் 300 பீஸ் விற்றிருக்கிறேன். ஒரு கண்காட்சியிலும் வைத்தேன். இப்போது ஜலந்தரில் ஒருவர் அதே மாதிரி செய்து ஆன்லைனில் விற்கிறார். பேட்டன்ட் எடுத்து அவரைத் தடுக்க முடியுமா? வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா? பெட்டியில் 'பேட்டன்டட்' என்று அச்சிடலாமா? பலத்த காற்றில் குடை திரும்பும்போது தானே இளகிக் கொடுத்து, பிறகு பழைய நிலைக்கு வரும் புதிய மூட்டு ஒன்றும் செய்து வைத்திருக்கிறேன். அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் எண்ணமும் உண்டு.

— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் கேட்டிருப்பது உண்மையில் இரண்டு பொருள்களைப் பற்றி. ஒன்று, எட்டு மாதமாகக் கடைத்தெருவில் இருக்கும் தாங்கி. மற்றது, இன்னும் பட்டறை வாசலைத் தாண்டாத மூட்டு. முன்னதற்கு இந்தியாவில் இனிக் காப்புரிமை கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து. பின்னதற்குக் கிடைக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது. 'முதலில் செய்தவன் நான், அதனால் உரிமை எனக்கு' என்று தொழில் செய்பவர்களில் பலர் நம்புகிறார்கள். காப்புரிமைச் சட்டம், 1970 அப்படிச் சொல்லவில்லை. செய்தவர் நீங்களாகவே இருந்தாலும், ஊருக்குக் காட்டுவதற்கு முன் விண்ணப்பம் போட்டீர்களா என்பதுதான் அது கேட்கும் முதல் கேள்வி. விண்ணப்பத் தேதிக்கு முன் உலகின் எந்த மூலையிலும் ஆவணத்தில் வெளிவராததும் பயன்பாட்டில் இல்லாததுமே அந்தச் சட்டத்துக்குப் புதியது. உங்கள் பொருளை நீங்களே விற்றதும் அந்தப் 'பயன்பாட்டில்' அடங்கும். இந்த விதிக்குக் காரணமும் உண்டு. புதிய அறிவை உலகுக்குக் கொடுப்பதற்கு ஈடாகத்தான் அரசு 20 ஆண்டு ஏகபோகம் தருகிறது. ஏற்கெனவே வெளியே போய்விட்ட ஒன்றை மறுபடி கொடுத்து அந்த ஈட்டைக் கேட்க முடியாது.

இரண்டு ஊர்களில், சில ஆட்டக்காரர்களிடம் மட்டும் விற்றது எப்படி ஊரறிந்ததாகும் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு இங்கிலாந்தில் ஒரு புகழ்பெற்ற தீர்ப்பு இருக்கிறது. பாய்மரப் பலகைக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்று அங்கே பெற்றிருந்த காப்புரிமை வழக்குக்கு வந்தது. பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் 1958-ல் ஹேலிங் தீவுக் கடற்கரையில் தானே செய்த பாய்ப்பலகையை விடுமுறை நாட்களில் ஓட்டியிருக்கிறான். கரையில் இருந்த எவரும் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்க முடியும். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1980-களில் அந்தக் காப்புரிமை விழுந்தது. சிறுவன் ஒன்றும் விற்கவில்லை, விளம்பரமும் செய்யவில்லை. இங்கிலாந்துத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும் அதன் தர்க்கம் நம் சட்டத்துக்கும் பொருந்துகிறது: எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது கணக்கில் வராது, ரகசியம் காக்கும் கடமை இல்லாத ஒருவர் பார்த்தாலே போதும். உங்களிடம் வாங்கியவர்களில் யாரும் ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுக்கவில்லை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் முழுவதும் விளங்கிவிடும் பொருள் இது.

கண்காட்சியில் வைத்ததற்குச் சட்டத்தில் சலுகை இருப்பதாக யாராவது சொல்லியிருக்கலாம். 31-ஆம் பிரிவில் 12 மாதச் சலுகை இருப்பது உண்மைதான். ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கு மட்டுமே அது பொருந்தும். ஊரில் நடக்கும் ஒவ்வொரு தொழிற்காட்சிக்கும் அல்ல. நீங்கள் வைத்த கண்காட்சி அந்தப் பட்டியலில் இருந்தாலும்கூடச் சலுகை அங்கே காட்டியதை மன்னிக்கும். கடையில் விற்றதை மன்னிக்காது. நியாயமான சோதனைக்காக வெளியில் பயன்படுத்திப் பார்ப்பதற்கு 32-ஆம் பிரிவு ஓராண்டு இடம் தருகிறது. பில் போட்டு 300 பீஸ் விற்றதைச் சோதனை என்று எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார்.

சரி, விற்பதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்குமா? இதை நான் இங்கே எடுப்பதற்குக் காரணம், புதிய மூட்டின் தலைவிதியும் இதில்தான் அடங்கியிருக்கிறது. கால்ஃப் பையிலோ தள்ளுவண்டியிலோ குடையை மாட்டும் கருவிகளுக்கு அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகக் காப்புரிமைகள் கொடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. அவை இந்தியாவில் செல்லாதபோது நம்மை எப்படித் தடுக்கும் என்று கேட்பது இயல்பு. வெளிநாட்டுக் காப்புரிமைக்கு இரண்டு முகங்கள் உண்டு. உரிமை என்ற முகம் அந்த நாட்டு எல்லையோடு நின்றுவிடும். இந்தியாவில் செய்து இந்தியாவில் விற்கும் உங்களை அதன் சொந்தக்காரர் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஆவணம் என்ற முகத்துக்கு எல்லையே கிடையாது. காலாவதியான பழைய அமெரிக்க ஆவணம்கூட, சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் உங்கள் விண்ணப்பத்தைச் சாய்க்கப் போதுமான சான்று.

அடுத்தது, புதியதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தத் துறையில் கைதேர்ந்தவருக்கு எளிதில் தோன்றிவிடாத ஒரு முன்னேற்றம் அதில் இருக்க வேண்டும். இங்கே நாம் படிக்க வேண்டிய தீர்ப்பு, 1978-ல் உச்ச நீதிமன்றம் விசுவநாத் பிரசாத் ராதேஷியாம் – ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னது. உங்கள் பொருளுக்கு அது நெருங்கிய உறவு. ஏனென்றால் அங்கேயும் விவாதம் ஒரு பிடிப்பானைப் பற்றியதுதான். லேத்தில் பாத்திரம் கடையும்போது அது கழன்று பறந்து தொழிலாளியைக் காயப்படுத்தும் ஆபத்து இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்திப் பிடிக்கும் தண்டைச் சேர்த்து அந்தக் குறையைத் தீர்த்ததாகக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். பயனுள்ள மாற்றம்தான், ஐயமில்லை. ஆனால் அழுத்தும் தண்டு லேத்துக்குப் புதியதல்ல. இது பட்டறையில் வேலை தெரிந்தவர் செய்யும் சீர்திருத்தமே தவிர கண்டுபிடிப்பு அல்ல என்று சொல்லி நீதிமன்றம் காப்புரிமையை ரத்து செய்தது. சட்டத்தின் 3(எஃப்) பிரிவும் இதே திசையில் போகிறது. தெரிந்த சாதனங்களை அருகருகே வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. உங்கள் பழைய தாங்கியில் கிளிப் கவ்வுகிறது, குழாய் குடையைத் தாங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை.

அப்படியானால் எளிய பொருளுக்குக் காப்புரிமையே கிடையாதா? அப்படி இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் சிறு பட்டறைக்காரர்கள் தேவையில்லாமல் மனம் தளர்ந்துவிடுவார்கள். பிலிம் சுருளைக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் விளையாட்டுச் சாதனம் பற்றிய ராஜ் பிரகாஷ் – மங்கத் ராம் சௌத்ரி வழக்கில், கண்டுபிடிப்பு சிக்கலானதாக இருக்க வேண்டியதில்லை என்று தில்லி உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எளிமை குற்றமல்ல, எல்லோருக்கும் தோன்றக்கூடியதாக இருப்பதுதான் குறை. புதிய மூட்டை நான் வேறாகப் பார்ப்பது இதனால்தான். கால்ஃப் குடை சாதாரணக் குடையைவிட மிக அகலம்; விரித்தால் ஐந்தடியைத் தாண்டும். அதில் காற்று அடைத்தால் ஒன்று குடை மடங்கும், அல்லது பையே சாயும். கிளிப்பை இறுக்கினால் பை விழுகிறது, தளர்த்தினால் குடை போகிறது என்ற இந்த இக்கட்டு ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை. உங்கள் மூட்டு ஒரு குறிப்பிட்ட விசைக்கு மேல் இளகி, காற்று தணிந்ததும் திரும்புகிறது என்றால், அங்கே கிளிப்பும் குழாயும் ஒன்றின் வேலையை ஒன்று மாற்றுகின்றன. வாதத்தை அதன்மீது கட்டலாம். பந்தும் ஸ்பிரிங்கும் கொண்டு இப்படி இளகிக் கொடுக்கும் பூட்டு உலகறிந்த விஷயம் என்று பரிசோதனை அதிகாரி சொல்வார். அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் அளவுகள் இருக்க வேண்டும்: எத்தனை கிலோ விசையில் மூட்டு இளகுகிறது, பழைய தாங்கியோடு பை எந்த விசையில் சாய்கிறது, எத்தனை முறை வளைந்தபின்னும் திரும்புகிறது என்று தேதியிட்டு எழுதிவையுங்கள். நீங்கள் விற்ற பழைய தாங்கியே இப்போது உங்களுக்கு எதிரான முன்னறிவு, அதாவது ஏற்கெனவே வெளியே தெரிந்துவிட்டது, என்பதால், கோரிக்கை வாசகம் முழுத் தாங்கியையும் கேட்காமல் மூட்டைச் சுற்றியே குறுக்கி எழுதப்பட வேண்டும். எல்லாவற்றையும் கேட்கும் பேராசையால் கிடைக்க வேண்டியதும் போன விண்ணப்பங்கள் ஏராளம்.

வடிவமைப்புப் பதிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் நிலையில் அதுவே அதிகம் உதவும். வடிவமைப்புச் சட்டம், 2000 கண்ணுக்குத் தெரியும் உருவத்தைக் காக்கிறது. இயங்கும் விதத்தைக் காக்காது. பத்தாண்டுப் பாதுகாப்பு, மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். விற்றுவிட்ட வடிவத்துக்கு இதுவும் கிடைக்காது; அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவு தடுக்கிறது. புதிய மூட்டோடு வரும் தாங்கிக்கு, வேலைக்காகவே அமைந்த வளைவுகள் தவிர பார்வைக்கென்று தனித்தன்மை இருந்தால், அதைச் சந்தைக்கு விடுமுன் பதியுங்கள். இந்தச் சட்டத்தின்படி நகலெடுத்தவர் கட்ட வேண்டிய தொகைக்கு ஒரு வடிவத்துக்கு 50,000 ரூபாய் உச்சவரம்பு, அது சொற்பம்தான். ஆனால் அதற்குப் பதிலாக இழப்பீடும் தடையாணையும் கேட்டு வழக்குப் போட முடியும் என்பதில்தான் இதன் பலம் இருக்கிறது.

மோல்டு வரைபடத்துக்குப் பதிப்புரிமை இருக்கிறதே என்று அதை நம்பி உட்கார வேண்டாம். பதிந்திருக்கக்கூடிய வடிவத்தைப் பதியாமல் விட்டு, 50 பிரதிகளுக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தி செய்துவிட்டால் அந்த வடிவத்தில் பதிப்புரிமை அற்றுப்போகும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு சொல்கிறது. நீங்கள் அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டீர்கள்.

இனி ஜலந்தர்க்காரர். அவர் உங்கள் பொருளைக் கடையில் வாங்கிப் பார்த்துச் செய்திருந்தால், இன்றைய நிலையில் அது சட்டப்படி தவறல்ல. உங்கள் பெயரையோ குறியையோ, வாங்குபவர் குழம்பும் அளவுக்குப் பெட்டியின் தோற்றத்தையோ எடுத்திருந்தால் மட்டும் வழக்கு உண்டு. வணிகக் குறியை இப்போதே பதிந்துவிடுங்கள். கால்ஃப் பை 28-ஆம் வகுப்பிலும் குடை 18-ஆம் வகுப்பிலும் வருவதால் இரண்டிலும் போடுவது நல்லது. இதில் ஒன்றை மட்டும் நீங்கள் விசாரிக்க வேண்டும்: வரைபடம் உங்கள் டை மேக்கரிடமிருந்தோ வேலையை விட்டுப் போனவரிடமிருந்தோ அவருக்குக் கிடைத்ததா? அப்படியானால் நம்பிக்கை மீறல் என்ற தனி வழக்குக்கு அடிப்படை இருக்கிறது. அதற்குக் காப்புரிமை தேவையில்லை. ஆனால் கையில் காப்புரிமை இல்லாமல் 'என் பேட்டன்டை மீறிவிட்டாய்' என்று நோட்டீஸ் அனுப்பினால், காப்புரிமைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி ஆதாரமற்ற மிரட்டல் என்று அவர் உங்கள்மேல் வழக்குப் போடலாம். 'பேட்டன்டட்' என்று பெட்டியில் அச்சிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து: இல்லாத காப்புரிமையை இருப்பதாகச் சொல்வதற்கு, திருத்தப்பட்ட 120-ஆம் பிரிவின்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். விண்ணப்பம் போட்ட பிறகு, நிலுவையில் இருக்கிறது என்று மட்டும் அச்சிடலாம்.

அமெரிக்கா விஷயத்தில் நம் சட்டம் தராத ஒன்று அங்கே இருக்கிறது. கண்டுபிடித்தவர் தானே வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அந்த வெளியீடு அவருக்கு எதிராக எண்ணப்படாது. இந்தக் கணக்கில் பழைய தாங்கிக்கே அங்கே நான்கு மாதம் மீதமிருக்கிறது. ஆனால் மற்றவர்களின் பழைய ஆவணங்கள் அங்கேயும் நிற்பதால், அதற்குச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். மூட்டுக்கு அந்த நான்கு மாதம் மிக முக்கியம். முன்னுரிமைத் தேதி, அதாவது மூட்டுக்கு முதலில் விண்ணப்பம் போட்ட நாள், அந்த ஓராண்டுக்குள் விழுந்தால், நீங்கள் விற்ற பழைய தாங்கியை அமெரிக்க அதிகாரி மூட்டுக்கு எதிராகக் காட்ட முடியாது, தாண்டினால் காட்டுவார். இந்தியாவில் வசிப்பவர் நேராக வெளிநாட்டில் விண்ணப்பிக்க நம் காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி முன்அனுமதி வேண்டும். இங்கே முதலில் போட்டு ஆறு வாரம் காத்திருந்தால் அது தேவையில்லை. இங்கே போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அங்கே போடலாம். முதல் சரக்கு கப்பலேறும் முன், அங்கே இன்னும் உயிரோடு இருக்கும் காப்புரிமை எதையாவது உங்கள் தாங்கி மீறுகிறதா என்பதையும் ஒருவரைக் கொண்டு தேடச் சொல்லுங்கள்.

ஆகவே முதல் பீஸ் விற்ற பில்லை எடுத்துத் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து ஓராண்டு முடியுமுன், மூட்டுக்கான தற்காலிக விவரக்குறிப்பை இணையவழியில் தாக்கல் செய்யுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்புக்கு அதன்பின் 12 மாதம் இருக்கிறது. அதுவரை மூட்டின் மாதிரியை டை மேக்கரிடம் கொடுப்பதாக இருந்தால், ரகசியம் காப்பதாக முத்திரைத்தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே கொடுங்கள்.