புறநகர் வாழ்வு

நகர வாழ்வு ஒருவகை. சிற்றூர் வாழ்வு மற்றொரு வகை. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, இரண்டின் இயல்பையும் ஓரளவு தாங்கியிருப்பது புறநகர் வாழ்வாகும். நகரில் தொழிலும் கல்வியும் மருத்துவமும் உண்டு, அமைதி அரிது. சிற்றூரில் அமைதி உண்டு. பிழைப்புக்கு வழி குறைவு. ஆகவே, பகலெல்லாம் நகரில் உழைத்து, இரவில் அமைதியை நாடும் மக்கள் புறநகரில் குடியேறுகின்றனர். அவ்வாழ்வின் இனிமை யாது? அவ்வினிமையை நிலைபெறச் செய்வது எது? சென்னையின் தென்மேற்கே அமைந்த தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சான்றாகக் கொண்டு இவற்றைக் காண்போம்.

புறநகர் என்பது இக்காலத்தார் கண்ட புதுமையன்று. மதுரை மாநகரின் மதிலுக்கு வெளியே புறஞ்சேரி இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அறவோர் பலர் உறைந்த இடம் அது. நெடுவழி நடந்து வந்த கோவலனும் கண்ணகியும் முதலில் தங்கியது அங்கேதான். கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தபோது, முன்பின் அறியாத அம்மங்கையை அன்போடு ஏற்றுக்கொண்டவள் மாதரி என்னும் ஆயர் முதுமகள். நகரின் ஆரவாரத்திற்கு அப்பால் அமைதி இருந்தது. அவ்வமைதிக்குள்ளே அயலாரைத் தாங்கும் அன்பும் இருந்தது. புறநகருக்கு இவ்விரண்டும் வேண்டும் என்பதை இக்கதை நமக்கு உணர்த்துகின்றது.

செம்பாக்கம், சிட்லபாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் முதலிய ஊர்கள் முன்னாளில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த சிற்றூர்களாக இருந்தன. தாம்பரத்தின் தூய காற்றை விரும்பி, 1928 ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து என்பார் அங்குக் காசநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். அந்நோய்க்கு இன்றுள்ள மருந்துகள் தோன்றாத காலம் அது. நல்ல காற்றும் ஓய்வுமே சிறந்த மருத்துவமாகக் கருதப்பட்டன. 1931 ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937 ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்தின் காட்டுப் பகுதிக்கு இடம் பெயர்ந்தது. நோயாளர்க்குக் காற்றும், மாணவர்க்கு அமைதியும், தொழில் செய்வார்க்குப் போக்குவரவும் கிடைத்தன. நாளடைவில் வயல்களின் நடுவே வீடுகள் எழுந்தன, வீடுகள் தெருக்களாயின, தெருக்கள் நகர்கள் எனப் பெயர் பெற்றன.

இத்தகைய தெரு ஒன்றின் காலைப் பொழுது காணத்தக்கது. விடியுமுன் குயில் கூவும். வேப்பமரத்தில் மைனாக்கள் வாதிடும். வாசல் தெளிக்கும் ஓசை ஒரு வீட்டில் கேட்டால், சிறிது நேரத்தில் அடுத்த வீட்டிலும் கேட்கும். கோலங்கள் மலரும். பவழமல்லி மரத்தடியில் வெள்ளை இதழ்கள் சிதறிக் கிடக்கும். கீரை விற்கும் மூதாட்டியின் குரல் தெருமுனையில் எழும்போதே, அவர் எந்த வீட்டில் முதலில் நிற்பார் என்பது அனைவர்க்கும் தெரியும். பின்னர்ப் பள்ளிச் சிறுவரும், அலுவலகம் செல்வோரும் இரயில் நிலையத்தை நோக்கி விரைவர். ஒன்பதரை மணிக்குமேல் தெரு அடங்கிவிடும்.

நண்பகலின் அமைதி மிக ஆழமானது. தேங்காய் மட்டை விழுந்தாலும் தெரு முழுவதும் கேட்கும். தொலைவில் இரயில் செல்லும் ஓசை, மீனம்பாக்கத்திலிருந்து எழும் விமானத்தின் முழக்கம், துணி தேய்ப்பவர் தம் வண்டியில் கரி நிரப்பும் ஒலி ஆகியவை வந்து வந்து மறையும். மாலையில் சிறுவர் விளையாட்டால் தெரு மீண்டும் உயிர் பெறும். இரவில் வீடு திரும்புவோர், இரயிலை விட்டு இறங்கியதும் தம் மேல் படும் காற்றிலேயே ஊரின் வேறுபாட்டை உணர்வர். நாள் முழுவதும் நெரிசலில் நலிந்த உள்ளத்திற்கு அக்காற்று தரும் ஆறுதல் பெரிது.

ஆயினும், அமைதி எல்லாம் ஒரே தன்மையன அல்ல. ஒருவர்க்கு இடையூறு நேராதவாறு மற்றவர் அடங்கி வாழ்வதால் பிறக்கும் அமைதி ஒன்று. ஒருவரைப் பற்றி மற்றவர்க்குக் கவலையே இல்லாமையால் பிறக்கும் அமைதி மற்றொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே காணப்படும். புறநகர்த் தெருக்களில் முதியோர் மட்டுமே வாழும் வீடுகள் உண்டு. அவர்தம் மக்கள் வேற்றூரிலோ கடல் கடந்த நாட்டிலோ பணிபுரிவர். அத்தகைய வீட்டின் வாசலில் ஒருநாள் கோலம் இல்லையெனின், அதனைக் கண்டு, “அம்மா, உடம்புக்கு என்ன?” என்று கதவைத் தட்டும் அயலார் உள்ள தெருவே நல்ல தெரு. பால் உறை எடுக்கப்படாமல் பகல்வரை கிடந்தும் ஒருவரும் நோக்கவில்லையெனின், அங்கு நிலவுவது அமைதியன்று, வெறுமையே ஆகும்.

அயலாரைப் போலவே நாம் காக்க வேண்டியவை பொதுப் பொருள்கள். அவற்றுள் தலையாயது ஏரி. நம் முன்னோர் மழைநீரைத் தேக்க ஏரிகளைத் தனித்தனியே அமைக்கவில்லை. ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் கலங்கல் வழியே வழிந்து, கால்வாயில் ஓடித் தாழ்வான ஏரியை அடையும். அது நிரம்பினால் அடுத்ததை நிரப்பும். சிட்லபாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் முதலிய ஏரிகளின் நீர் இவ்வாறு படிப்படியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்ந்து, பின்னர்க் கடலை நோக்கிச் செல்லும். அச்சதுப்பு நிலம் பறவைகளின் உறைவிடமாகவும் வெள்ள நீரைத் தாங்கும் கலமாகவும் விளங்குவது. 2022 ஆம் ஆண்டில் அது உலகளாவிய சிறப்புடைய ராம்சர் ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பெற்றது.

உழவர் வாழ்ந்த நாளில் ஏரிக்குக் காவலர் பலர் இருந்தனர். தம் வயலுக்கு நீர் வேண்டுமாதலின், ஆண்டுதோறும் கால்வாயைத் தூர் வாரினர், கரையை உயர்த்தினர், மதகைப் பேணினர். ஊரார் கூடிச் செய்த அப்பணி குடிமராமத்து எனப்பட்டது. வயல்கள் வீட்டு மனைகளான பின்னர் ஏரியை நம்பி வாழ்வோர் இல்லாது போயினர். ஏரிநீரே தம் கிணற்றில் ஊறுகின்றது என்பதைப் புதிதாகக் குடியேறினோர் பலர் எண்ணவில்லை. குப்பை ஏரியிற் கொட்டப்பட்டது. கழிவுநீர் அதிற் கலந்தது. கால்வாய்களின் மேல் கட்டடங்கள் எழுந்தன. இவையெல்லாம் ஓசையின்றி நிகழ்ந்தன. அமைதியான ஊர் அவற்றை அமைதியாகவே பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பயனை 2015 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மக்கள் கண்டனர். அத்திங்கள் 2 ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அவ்வளவு பெருமழையை எந்த ஊரும் எளிதில் தாங்காது என்பது உண்மையே. எனினும், நீர் செல்லும் வழிகள் குறுகியிருந்தமையால் துன்பம் பன்மடங்காயிற்று. அடையாற்றங்கரையை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் வெள்ளம் வீடுகளுட் புகுந்தது. நேற்றுவரை சிறுவர் விளையாடிய தெருக்களில் படகுகள் சென்றன. மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோன அந்நாட்களில் மாடி வீட்டார் கீழ்வீட்டாரைத் தம்மோடு வைத்துக்கொண்டனர். அறிமுகமற்றோர் ஒரே அடுப்பில் சமைத்து உண்டனர். பல ஆண்டுகள் அடுத்தடுத்து வாழ்ந்தும் பெயர் அறியாதிருந்தோர் அன்றுதான் ஒருவரையொருவர் அறிந்தனர்.

நான்கு ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழாயிற்று. 2019 ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் கடும் வறட்சிக்கு ஆளாயின. கிணறுகள் வற்றின, மக்கள் தண்ணீர் லாரிகளுக்காகக் காத்து நின்றனர். அப்போது சிட்லபாக்கத்து மக்கள் ஒரு நற்செயல் செய்தனர். முதியோர், இளைஞர், பெண்டிர், சிறுவர் எனப் பலரும் ஒன்று கூடி, வற்றிய ஏரியில் இறங்கிக் குப்பையை அகற்றினர். ஏரியைச் சீரமைக்க வேண்டுமென்று அரசையும் வேண்டினர். மண்வெட்டி பிடித்துப் பழகாத கைகள் அன்று மண்வெட்டி பிடித்தன. பழைய குடிமராமத்து புதிய உருவில் மீண்டும் தோன்றியது எனலாம்.

இந்நிகழ்ச்சிகளால் நாம் அறிவது யாது? புறநகரின் அமைதி மனையோடு சேர்த்து விலைக்கு வாங்கும் பொருளன்று. வானொலியையும் ஒலிபெருக்கியையும் அளவோடு இயக்குவதும், குப்பையை உரிய இடத்தில் இடுவதும், மழைநீரை நிலத்துள் இறக்குவதும், மரம் நட்டு வளர்ப்பதும், அடுத்த வீட்டாரின் நலம் கேட்பதும் ஆகிய சிறு செயல்களால் நாள்தோறும் ஆக்கப்படுவது அது. 2003 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் குழாயை அமைக்கச் செய்யும். அடைப்பை நீக்கி அதனைப் பேணும் கடமை வீட்டாருடையது. இப்பணிகளுள் பலவற்றை மாணவரும் செய்யலாம். தம் ஊர் ஏரியின் பெயரையும், அதற்கு நீர் வரும் வழியையும், அது வழிந்து செல்லும் திசையையும் அறிந்து வைத்திருப்பதே நல்ல தொடக்கமாகும்.

ஒப்புரவு உடையவனின் செல்வத்தை நீர் நிறைந்த ஊருணிக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். ஊருணி ஒருவர்க்கு உரியதன்று. ஊரார் அனைவர்க்கும் பயன்படுவது. புறநகரின் அமைதியும் அத்தகையதே. ஒவ்வொருவரும் அதனைத் துய்க்கலாம். ஒவ்வொருவரும் அதன் கரையைக் காக்கவும் வேண்டும். வீட்டுக் கதவு தாழிட்டிருப்பினும் உள்ளத்தின் கதவு திறந்திருக்கும் ஊரே, வாழ்வதற்கு இனிய ஊராகும்.